இருபது பேர் போதும்

உங்கள் வீட்டில் கறுப்பு நிறத்தில், ஜிப் வைத்த, தோளில் மாட்டுகிற பை ஒன்று அநேகமாக இருக்கும். அதன் நெற்றியில் 'பொன்விழா மாநில மாநாடு' என்றோ, '27-வது வருடாந்திரக் கருத்தரங்கு' என்றோ அச்சடித்திருக்கும். அதற்குக் கீழே ஒரு மருந்துக் கம்பெனியின் பெயரோ, சிமென்ட் கம்பெனியின் பெயரோ. இப்போது அதில் வெங்காயம் வாங்கி வருகிறீர்கள். அந்த மாநாட்டில் யார் பேசினார்கள், என்ன பேசினார்கள் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வராது. மிஞ்சிப்போனால் மதியச் சாப்பாட்டில் போட்ட பனீர் பட்டர் மசாலா ஞாபகம் வரும்.

டாக்டர், ஆடிட்டர், வக்கீல், இன்ஜினீயர், ஆர்க்கிடெக்ட், நூலகர், பல் டாக்டர், கால்நடை டாக்டர்... இந்த தேசத்தில் படித்து ஒரு தொழிலுக்கு வந்த ஏறக்குறைய எல்லோருக்கும் ஒரு சங்கம் இருக்கிறது. சந்தா கட்டினால் ஒரு அடையாள அட்டை, தை மாதம் ஒரு காலண்டர், வருஷத்துக்கு ஒரு மாநாடு. இந்த வாரம் அந்த மாநாட்டைப் பற்றிக் கொஞ்சம் பொல்லாப்பாகப் பேசலாம் என்று உத்தேசம். நீங்கள் செயற்குழு உறுப்பினராக இருந்தால் கோபித்துக்கொள்ளாமல் கடைசிவரை படியுங்கள். உங்களுக்குச் சாதகமாகவும் நாலு வார்த்தை இருக்கிறது.

முதலில் ஒரு கணக்கு. மேடையில் 11 நாற்காலி. ஒவ்வொருவருக்கும் பொன்னாடை, பூங்கொத்து, நினைவுப் பரிசு என்று 1 நிமிடம். 'சுருக்கமாக இரண்டு வார்த்தை' என்று ஆரம்பித்துப் பேசுவது குறைந்தபட்சம் 7 நிமிடம். ஆக 88 நிமிடம். இதில் குத்துவிளக்கின் ஐந்தாவது திரி பற்றிக்கொள்ள மறுக்கும் நேரத்தைச் சேர்க்கவில்லை. நிகழ்ச்சி ஏற்கெனவே முக்கால் மணி தாமதம். எனவே முக்கியப் பேச்சாளரின் நேரத்தில் வெட்டு விழும். அவர் 64 ஸ்லைடுகளை ரயில் ஜன்னல் மாதிரி ஓட்டிக் காட்டுவார். கேள்வி நேரம் பத்து நிமிடம். அரங்கில் 600 பேர். பத்து நிமிடம் என்பது 600 விநாடி. ஆளுக்கு ஒரு விநாடி கிடைக்கும். 'நேரமின்மை காரணமாகக் கேள்விகளை டீ இடைவேளையில் வைத்துக்கொள்ளலாம்' என்பார் தொகுப்பாளர். டீ இடைவேளையில் பேச்சாளரைச் சுற்றி செல்ஃபி எடுப்பவர்கள் நிற்பார்கள்.

இதையே திருப்பிப் போடுங்கள். ஒரு அறை, 20 பேர், ஒரு மணி நேரம். ஆளுக்கு 3 நிமிடம் வருகிறது. மூன்று நிமிடத்தில் ஒரு மனுஷர் தன் சந்தேகத்தை ஒழுங்காகச் சொல்லி, பதிலும் வாங்கிவிடலாம். கணக்கு இவ்வளவுதான். ஐந்தாம் வகுப்புப் பையன் போடுவான். சங்கங்கள்தான் போடுவதில்லை.

ராபின் டன்பார் என்ற பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளரும் அவர் கூட்டாளிகளும் மனிதர்கள் இயல்பாகக் கூடிப் பேசுவதை உட்கார்ந்து கவனித்து 1995-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு பேச்சு ஒரே பேச்சாக நிற்பது சுமார் நாலு பேர் வரைக்கும்தானாம். ஐந்தாவது, ஆறாவது ஆள் வந்து சேர்ந்தால் அது இரண்டு பேச்சாக உடைந்துவிடும். கல்யாண வீட்டில் கவனித்துப் பாருங்கள், புரியும். நாலு பேருக்கு மேல் போனால் ஒருத்தர் பேச, மற்றவர்கள் கேட்க வேண்டும். 600 பேர் என்றால் அது உரையாடலே இல்லை, ஒலிபரப்பு. ஒலிபரப்பு கேட்க எதற்கு ஆயிரக்கணக்கில் பேராளர் கட்டணம் கட்டி, ராத்திரி பஸ் பிடித்து வர வேண்டும்? 2020-ல் கொரோனா வந்தபோது எல்லா சங்கங்களும் உரைகளை செல்போனுக்கே அனுப்பிவிட்டன. அடுப்படியில் தாளித்துக்கொண்டே கேட்டோம். பேச்சு வீட்டுக்கே வந்துவிட்ட பிறகு, நேரில் வருகிறவருக்கு சங்கம் தர வேண்டியது செல்போனில் கிடைக்காத ஒன்றை.

அது என்ன? 'என் கேஸ் ஒன்று தப்பாகப் போய்விட்டது, நான் எங்கே கோட்டை விட்டேன்?' என்று ஒருத்தர் இன்னொருத்தரிடம் கேட்கிற கேள்வி. இதை 600 பேர் முன்னால் மைக்கில் கேட்க முடியாது. கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு சரித்திரத்தில் சாட்சி இருக்கிறது.

*

எர்னஸ்ட் காட்மேன் என்று பாஸ்டன் நகரில் ஒரு சர்ஜன். 'ஆபரேஷன் செய்த ஒவ்வொரு நோயாளியும் ஒரு வருஷம் கழித்து எப்படி இருக்கிறார் என்று பார்த்து எழுதி வையுங்கள். நன்றாக இல்லை என்றால் ஏன் என்று கேளுங்கள்' என்றார். இதைத்தான் சொன்னார். தானே ஒரு சின்ன ஆஸ்பத்திரி தொடங்கி, 1911 முதல் 1916 வரை அங்கே பார்த்த 337 நோயாளிகளில் 123 தவறுகள் நடந்ததாகத் தன் பெயர் போட்டு அச்சிட்டார். இன்றைக்குக்கூட எந்த ஆஸ்பத்திரி இப்படி அச்சிடும், சொல்லுங்கள்.

இதைத் தனக்குள் வைத்திருந்தால் பிழைத்திருப்பார். 1915-ல் உள்ளூர் மருத்துவ சங்கத்தின் சர்ஜரி பிரிவுக்கு அவர்தான் தலைவர். ஒரு பெரிய கூட்டம் கூட்டி, பாஸ்டனின் பணக்கார நோயாளிகளை மணலில் தலை புதைத்த நெருப்புக்கோழியாகவும், டாக்டர்கள் அது இடும் பொன் முட்டைகளைப் பொறுக்குவதாகவும் ஒரு பெரிய கேலிச்சித்திரத்தைத் திறந்துவைத்தார். அமளி. தலைவர் பதவி போயிற்று. நண்பர்கள் போனார்கள். அவர் கேட்ட கேள்வி மட்டும் போகவில்லை. பிற்பாடு அது சின்ன அறைகளுக்குள் குடியேறியது. இன்றைக்கு உலகெங்கும் பயிற்சி ஆஸ்பத்திரிகளில் கதவைச் சாத்திக்கொண்டு, இறந்துபோன நோயாளியின் கேஸ் ஷீட்டை விரித்துவைத்துப் பேசுகிற கூட்டம் நடக்கிறதே, அதற்குக் காட்மேனைத்தான் முன்னோடி என்கிறார்கள். கேட்டது அதே கேள்வி. பெரிய கூட்டத்தில் அது சண்டையாயிற்று, சின்ன அறையில் பாடமாயிற்று.

லண்டன் டாவிஸ்டாக் கிளினிக்கில் 1950-களில் மைக்கேல் பாலின்ட் என்ற மனநல மருத்துவர் இதையே வேறு மாதிரி செய்தார். சாதாரண குடும்ப டாக்டர்கள் ஒரு சிறு குழுவாக வாரம் ஒருமுறை உட்கார்ந்து, 'இந்த நோயாளி வந்தாலே எனக்கு எரிச்சல் வருகிறது, ஏன்?' என்கிற மாதிரி விஷயங்களைப் பேசினார்கள். ஸ்லைடு கிடையாது, பொன்னாடை கிடையாது. 1957-ல் பாலின்ட் அதைப் புத்தகமாக எழுதினார். இன்றும் பல நாடுகளில் அவர் பெயரில் குழுக்கள் கூடுகின்றன.

*

'எல்லாம் வெள்ளைக்காரன் கதை, நம்ம ஊருக்கு வாங்க' என்கிறீர்களா? பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் போதும்.

கேரளாவில் மகப்பேறு மருத்துவர்களுக்கு ஒரு கூட்டமைப்பு உண்டு. சந்தா கட்டி உறுப்பினராகும் சாதாரண தொழில் சங்கம்தான். அவர்களும் வருடாந்திர மாநாடு நடத்துகிறார்கள், பையும் கொடுப்பார்களாக இருக்கும். ஆனால் 2004-ல் வேறொன்றும் ஆரம்பித்தார்கள். மாநிலத்தில் பிரசவத்தின்போதோ அதையொட்டியோ ஒரு தாய் இறந்தால், அந்த கேஸின் காகிதங்கள் ஆஸ்பத்திரி பெயர், டாக்டர் பெயர், நோயாளி பெயர் எல்லாம் நீக்கப்பட்டு ஒரு சிறு நிபுணர் குழுவுக்கு வரும். அவர்கள் ஒவ்வொரு மரணத்தையும் எடுத்துவைத்துக்கொண்டு, 'எந்த இடத்தில் வேறு மாதிரி செய்திருந்தால் இவர் பிழைத்திருப்பார்?' என்று மட்டும் பேசுவார்கள். யார் குற்றவாளி என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை. பிரிட்டனில் 1952 முதல் நடந்துவரும் ஒரு ஏற்பாட்டைப் பார்த்து, அரசின் ஒத்துழைப்போடு, வி.பி. பைலி போன்ற மூத்த மருத்துவர்கள் இங்கே கொண்டுவந்தார்கள்.

முக்கியமான விஷயம், அதோடு நிறுத்தவில்லை. கண்டுபிடித்ததை 'தாய்மார்கள் ஏன் இறக்கிறார்கள்' என்ற அர்த்தம் வரும் தலைப்பில் அறிக்கையாக அச்சிட்டு எல்லோருக்கும் கொடுத்தார்கள். பிரசவ ரத்தப்போக்குதான் முதல் எமன் என்று தெரிந்தது. அதை எப்படிச் சமாளிப்பது என்று பயிற்சிப் பட்டறைகள் நடத்தினார்கள். அரசாங்கத்தின் மாதிரிப் பதிவு முறைக் கணக்குப்படி, கேரளாவில் 2004-06-ல் ஒரு லட்சம் உயிர்ப் பிரசவங்களுக்கு 95 தாய்மார்கள் இறந்துகொண்டிருந்தார்கள். 2018-20-ல் அது 19. இதில் ரோடு, ஆம்புலன்ஸ், ரத்த வங்கி, படிப்பு என்று எத்தனையோ பேர் பங்கு இருக்கிறது. முழுப் புண்ணியத்தையும் அந்தக் குழுவின் கணக்கில் வரவு வைக்க முடியாது. ஆனால் எந்த மரணத்தில் எதைத் தவறவிட்டோம் என்று தெரியாமல் ரோடு போட்டும், ஆம்புலன்ஸ் வாங்கியும் என்ன பிரயோஜனம்?

இதே விஷயத்தை வருடாந்திர மாநாட்டில் மூன்றாம் நாள் மதியம், சாப்பாட்டுக்கு அப்புறம், 'பிரசவகால மரணங்கள், ஒரு பார்வை' என்று ஒருத்தர் ஸ்லைடு போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

*

இப்போது எதிர்த்தரப்பு. நாலு வார்த்தை தருவதாகச் சொன்னேன்.

பெரிய மாநாடு தேவை. தேர்தல் நடத்த வேண்டும், வரவு செலவுக் கணக்கு ஒப்படைக்க வேண்டும். ஜி.எஸ்.டி.யைக் குறை என்று அரசாங்கத்திடம் கேட்க, பின்னால் கூட்டம் இருந்தால்தான் மந்திரி திரும்பிப் பார்ப்பார். சின்ன ஊரிலிருந்து வரும் இளைஞர், தான் பாடப்புத்தகத்தில் படித்த பெயரை நேரில் பார்ப்பதும் ஒரு சந்தோஷம்தான். பழைய காலேஜ் சிநேகிதர்களைப் பார்க்கலாம், சம்பந்தம்கூடப் பேசி முடிக்கலாம். திருவிழாவில் எல்லாம்தான் நடக்கும். திருவிழா கூடாது என்று யாரும் சொல்லவில்லை. வருஷம் பூராவும் கோயிலைப் பூட்டிவைத்துவிட்டுத் திருவிழா மட்டும் நடத்தினால் எப்படி என்றுதான் கேட்கிறேன்.

அமெரிக்காவின் புவி இயற்பியல் ஒன்றியம் வருஷக் கடைசியில் நடத்தும் மாநாட்டுக்கு 20,000 பேருக்கு மேல் வருகிறார்கள். அதே ஒன்றியம் சிட்னி சாப்மன் என்ற விஞ்ஞானியின் பெயரில் சின்னச் சின்னக் கூட்டங்களும் நடத்துகிறது. ஒரே ஒரு குறுகிய விஷயம், அதில் நிஜமாகவே மண்டையை உடைத்துக்கொள்பவர்கள் மட்டும். திருவிழாவும் உண்டு, நித்திய பூஜையும் உண்டு.

சின்னது என்றாலே உத்தமம் என்றும் சொல்ல மாட்டேன். ஒரு மருந்துக் கம்பெனி செலவில், நட்சத்திர ஓட்டலில், 20 டாக்டர்கள் 'வட்டமேஜை' போடுவதும் சின்னக் கூட்டம்தான். அங்கே வட்டமாக இருப்பது மேஜை மட்டுமே, பேச்சு நேராக ஒரு மாத்திரையின் பெயரில் போய் நிற்கும். கம்பெனிகளிடம் பரிசு, பயணம், விருந்தோம்பல் எதையும் டாக்டர்கள் வாங்கக் கூடாது என்று இந்திய மருத்துவக் கவுன்சில் 2009-ல் விதி போட்டதற்குக் காரணம் இல்லாமலா? அப்புறம் அந்த 'தேர்ந்தெடுத்து அழைப்பது'. நம் ஊரில் ஆள் பார்த்துக் கூப்பிடுவது என்றால் அர்த்தமே வேறு. என் பேட்ச், என் குரு, என் ஜாதி, என் கிளப். இது நம் ஊர் வியாதி மட்டுமில்லை. 1927-ல் பிரஸ்ஸல்ஸில் நடந்த சால்வே மாநாட்டின் புகைப்படத்தைப் பார்த்திருப்பீர்கள். ஐன்ஸ்டைன், போர், ஹைசன்பெர்க் என்று 29 பேர். அதில் 17 பேர் நோபல் பரிசு வாங்கினவர்கள் அல்லது பின்னால் வாங்கினவர்கள். குவான்டம் இயற்பியலின் சண்டையே அங்கேதான் நடந்தது. பிரமாதமான தேர்வு. ஆனால் 29 பேரில் பெண் ஒருவர்தான், மேரி கியூரி. தேர்வு செய்கிறவர்கள் தங்களைப் போலவே இருப்பவர்களைத்தான் முதலில் கவனிக்கிறார்கள்.

ஆகவே விதி வேண்டும். நன்றாக நடக்கிற சிறு கூட்டங்களைப் பார்த்தால், எல்லாம் கறாரான விதிகளால் நடக்கின்றன. 1931-ல் நீல் கார்டன் என்ற வேதியியல் பேராசிரியர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் தொடங்கியவை இன்று கார்டன் கூட்டங்கள் என்ற பெயரில் நடக்கின்றன. அங்கே பேசியதை ஒலிப்பதிவு செய்யக் கூடாது, ஸ்லைடைப் படம் எடுக்கக் கூடாது, வெளியே மேற்கோள் காட்டக் கூடாது. அதனால்தான் அரைகுறை முடிவுகளைக்கூடத் துணிந்து சொல்கிறார்கள். காலையிலும் ராத்திரியிலும் உரை. மத்தியானம் சும்மா விட்டுவிடுவார்கள், நடக்கலாம், நீந்தலாம். நிஜமான வேலை அப்போதுதான் நடக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். அடுத்த கூட்டத்தை நடத்துபவரை வந்தவர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஜெர்மனியில் ஓபர்வோல்ஃபாக் என்ற மலை கிராமத்தில் கணித மேதைகள் ஒரு வாரம் கூடுகிறார்கள். அங்கே ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கும் யார் பக்கத்தில் யார் என்று பெயர் எழுதிய நாப்கின் உறைகளைக் கலைத்துப் போட்டுவிடுவார்கள். நேற்று ஆராய்ச்சிக்குச் சேர்ந்த பெண், பெரிய பேராசிரியருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். செலவு, ஒரு நாப்கின் உறை.

*

நம்மவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. 1906 கடைசியில் அனந்தப்பூர் ஜில்லா குத்தியில் டெபுடி கலெக்டராக இருந்த வி. ராமஸ்வாமி ஐயர், கணிதத்தில் பைத்தியமாக இருந்த சிலருக்குக் கடிதம் எழுதினார். வெளிநாட்டுக் கணிதப் பத்திரிகைகளைத் தனித்தனியாக வாங்க யாருக்கும் வசதியில்லை. ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வாங்கி, தபாலில் ஒருத்தர் படித்து அடுத்தவருக்கு அனுப்பலாமே என்று யோசனை. 20 பேர் சேர்ந்தார்கள். அதுதான் பின்னால் இந்தியக் கணிதச் சங்கமாயிற்று.

1910-ல் திருக்கோவிலூரில் அவரைத் தேடி ஒரு இளைஞன் இரண்டு நோட்டுப் புத்தகங்களோடு போனான். கேட்டது ஒரு குமாஸ்தா வேலை. நோட்டைப் புரட்டிய ஐயர், இந்த மூளையை ரெவின்யூ இலாகாவின் அடிமட்ட உத்தியோகத்தில் போட்டு அமுக்கக் கூடாது என்று வேலை தரவில்லை. தன் கணித நண்பர்களுக்கு அறிமுகக் கடிதம் தந்து அனுப்பினார். அந்தச் சங்கிலியில்தான் சேஷு ஐயர் வருகிறார், சங்கத்தில் இருந்த நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் வருகிறார், மாதாமாதம் பண உதவி வருகிறது. 1911-ல் அந்தச் சங்கத்தின் சஞ்சிகையில்தான் ராமானுஜனின் முதல் கட்டுரை வந்தது.

அந்தச் சங்கத்தில் 4,000 உறுப்பினர்கள் இருந்து, ராமானுஜன் பேராளர் கட்டணம் கட்டி, கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? 'நேரமின்மை காரணமாக...' என்றிருப்பார்கள். 20 பேர் ஒருத்தரை ஒருத்தர் பெயர் சொல்லித் தெரிந்துவைத்திருந்ததால், ஒரு நோட்டுப் புத்தகம் கை மாறிக் கை மாறிச் சேர வேண்டிய இடம் சேர்ந்தது.

இன்றைக்கு பெரிய ஊரில் இருப்பவர் எப்படியும் பிழைத்துக்கொள்வார், பக்கத்து டேபிளில் கேட்பதற்கு ஆள் உண்டு. நான் கவலைப்படுவது ராமநாதபுரத்திலோ தர்மபுரியிலோ தனியாக போர்டு மாட்டி உட்கார்ந்திருக்கும் 29 வயது டாக்டரை, ஆடிட்டரை, இன்ஜினீயரைப் பற்றி. அவர் வருஷா வருஷம் சந்தா கட்டுகிறார். ராத்திரி 11 மணிக்கு ஒரு சிக்கல் வந்தால் போன் பண்ண ஒரு பெயர்கூட அவரிடம் இல்லை. அவர் தப்பு செய்தால் அனுபவிப்பது நாம், அதாவது நோயாளி, கட்சிக்காரர், அவர் கட்டிய பால்கனியில் நிற்பவர். அதனால் இது சங்கத்தின் உள்விவகாரம் இல்லை. நம் விவகாரம்.

செயலாளர்களே, பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. மாநாட்டுச் செலவில் பத்தில் ஒரு பங்கை ஒதுக்குங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஏதாவது ஒரு ஜில்லாவில், 20 பேர். ஒரே ஒரு கேள்வி. வருகிறவர்களில் பாதிப்பேர் 35 வயதுக்குக் கீழ். போன தடவை வந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் இந்தத் தடவை வரக் கூடாது. மேடை, மாலை, போட்டோ, ஸ்பான்ஸர் வேண்டாம். இட்லி, காபி உங்கள் செலவு, பஸ் காசு அவரவர் செலவு. சொன்னவர் பெயரை வெளியே சொல்லக் கூடாது. தெரிந்துகொண்ட விஷயத்தை ஒரே பக்கத்தில், பெயர்கள் இல்லாமல் எழுதி, வராத எல்லா உறுப்பினர்களுக்கும் ஒரு வாரத்துக்குள் அனுப்பிவிட வேண்டும். இந்தக் கடைசி விதிதான் உயிர். அது இல்லாவிட்டால் நீங்கள் நடத்தியது சீட்டுக் கச்சேரி. சார்ட்டர்டு அக்கவுன்டன்டுகள் 'ஸ்டடி சர்க்கிள்' என்று பேட்டை பேட்டையாக இதன் ஒரு வடிவத்தை ரொம்ப நாளாகச் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். மணிக்கணக்கு எண்ணிக் கையெழுத்துப் போடுகிற சடங்காகிவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

நீங்கள் சாதாரண உறுப்பினரா? அடுத்த மாநாட்டு அழைப்பிதழ் வந்ததும், பேச்சாளர்கள் பெயர்களைப் படிக்காதீர்கள். நிகழ்ச்சி நிரலில் கேட்பதற்கு எத்தனை நிமிடம், கேள்வி கேட்பதற்கு எத்தனை நிமிடம் என்று பென்சிலால் கூட்டிப் பாருங்கள். அந்த இரண்டு எண்களையும் ஒரு போஸ்ட் கார்டில் எழுதிச் செயலாளருக்கு அனுப்புங்கள். வேறு எதுவும் எழுத வேண்டாம்.